அத்தியாயம் 5: கேட்க வராதவர்களைத் தேடிப் போவது

அறக்கட்டளை பதிவாகி, வங்கிக் கணக்கு திறந்து, ஊரில் நாலு பேருக்குச் செய்தி தெரிந்ததுமே மனுக்கள் வர ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம், பள்ளிக்குச் சுற்றுச்சுவர், திருவிழாவுக்கு நன்கொடை, கபடிப் போட்டிக்குக் கோப்பை. பெரும்பாலான ஊர் அறக்கட்டளைகள் இந்த மனுக்களை அடுக்கிவைத்து, கையிலிருக்கும் பணத்தைப் பங்கிட்டு, அதையே ஆண்டுத் திட்டமென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுகின்றன.

மனு கொடுத்தவர்களின் கஷ்டம் உண்மையாகவே இருக்கும். ஆனால் மனு கொடுக்க முடிந்தவர்கள் யார் என்று பாருங்கள். அறங்காவலர் ஒருவரின் செல்போன் எண் தெரிந்தவர், நாலு வரி எழுதித்தர ஓர் ஆள் இருப்பவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து காத்திருக்கத் தெம்புள்ளவர். செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்ப்பவரும், பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த பையனும், புருஷன் போனபின் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருக்கும் அம்மாவும் உங்கள் படியேறி வர மாட்டார்கள். கொடைத் திட்டம் என்பது முதன்மையாக இவர்களுக்காகவே போடப்படுவது. வாசலுக்கு வருபவருக்குக் கொடுக்க நல்ல மனசு போதும். திட்டம் தேவைப்படுவது வராதவருக்குத்தான்.

முதல் வேலை, ஊரைப் பார்ப்பது

உலகின் முதல் ஊர் அறக்கட்டளை என்று சொல்லப்படுவது 1914 ஜனவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியது. தொடங்கியவர் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கியாளர். நகரத்தார் தங்கள் உயில்களில் எழுதிவைக்கும் சொத்து பின்னாளில் வந்து சேரும் என்பது ஏற்பாடு. ஆகவே முதல் சில ஆண்டுகளில் கொடுக்கப் பெரிய பணம் கிடையாது. அந்தக் காலத்தை அவர்கள் நகரத்தை ஆராயச் செலவிட்டார்கள். கல்வி ஆய்வாளர் லெனர்ட் அயர்ஸ் தலைமையில் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 25 சிறு நூல்களாக வெளியிட்டார்கள். பிறகு பொழுதுபோக்கு வசதிகள், அதற்குப் பிறகு குற்ற வழக்குகளை நீதிமன்றங்கள் நடத்தும் விதம் என்று ஆய்வு தொடர்ந்தது. எங்கே ஓட்டை என்று தெரிந்தபிறகே கொடை.

நமக்கும் இது புதிதில்லை. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் போட்டார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை என்று பொருள் பொருளாக எழுதியிருந்ததால் பணக்காரர் கட்டடத்தை ஏற்றுக்கொள்ள, சாதாரணக் குடும்பம் ஒரு நாற்காலியை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

உங்கள் ஊருக்கு 25 நூல் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆண்டுக்கு ஒரு மாதம், பிப்ரவரியோ மார்ச்சோ, இரண்டு இரண்டு பேராகப் போய் ஊரை நன்கு அறிந்தவர்களைப் பார்த்துப் பேசுங்கள். என் பட்டியலில் முதல் இடம் அங்கன்வாடிப் பணியாளருக்கு. அவர் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டையில் ஒவ்வொரு குழந்தையின் எடையும் மாதாமாதம் புள்ளியாக ஏறும். பச்சைப் பட்டையில் போய்க்கொண்டிருந்த கோடு எந்த மாதத்தில் மஞ்சளுக்கு இறங்கியது என்று பார்த்து, அந்த மாதம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அம்மா அடுத்த பிரசவத்துக்குப் போயிருப்பார், அல்லது பாட்டி படுத்திருப்பார். இதையெல்லாம் எந்த மனுவும் சொல்லாது.

அடுத்து கிராம சுகாதார செவிலியர். அதன்பின் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்; அவரிடம் நீண்ட நாள் வராத மாணவர் பெயர்களையும், எட்டிலிருந்து ஒன்பதுக்கும் பத்திலிருந்து பதினொன்றுக்கும் போகாமல் நின்றவர்களின் விவரத்தையும் கேட்க வேண்டும். ரேஷன் கடை விற்பனையாளருக்கு யாருடைய கைரேகை இயந்திரத்தில் விழுவதில்லை, யார் மூன்று மாதமாக வரவில்லை என்பது தெரியும். மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிக்கு யார் வீட்டில் தவணை நின்றிருக்கிறது என்பது தெரியும். இவர்களிடம் கேள்வியை ஒரே மாதிரி வையுங்கள்: "உதவி கேட்டு வராத, ஆனால் உதவி தேவைப்படுகிற மூன்று வீடு சொல்லுங்கள்." ஐந்து பேரிடம் கேட்டால் சில வீடுகள் திரும்பத் திரும்ப வரும். அந்த வீடுகளிலிருந்து உங்கள் திட்டம் தொடங்குகிறது.

அவர்கள் சொல்லும் தகவல் ரகசியம். நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எந்தச் சூழ்நிலையிலும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீட்டின் பெயர் வரக் கூடாது.

கொடுக்க எவ்வளவு இருக்கிறது

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மூலநிதி 60 லட்சம், வங்கி வைப்பில் 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். ஆண்டு நன்கொடை 3,00,000. மொத்தம் 7,20,000. வருமானவரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும்; ஆகவே 6,12,000 செலவாக வேண்டும். மீதி 1,08,000-ஐ மூலநிதியோடு சேர்த்துவிடுங்கள். விலைவாசி ஏறும்போது மூலநிதி தேயாமல் இருக்க வேறு வழி இல்லை. ஒருவர் "இது மூலநிதிக்கு" என்று எழுத்தில் கொடுத்த தொகை இந்த வருமானத்தில் சேராது. ஆனால் அது சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருப்பதால் பழைய கையேட்டை நம்பாமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்கொடை தருபவர்களிடம் வரிச்சலுகையை மட்டும் சொல்லிப் பணம் கேட்பதையும் நிறுத்திவிடலாம். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் இந்தியக் குடியுரிமையோடு தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடமிருந்து வெளிநாட்டு நிதிச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருக்கும் ஊர்களில் இந்த வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

சின்னத் தொகை தருபவர்களை மறக்காதீர்கள். விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடி அரிசியால் வளர்ந்தது. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமையும் அதே வழிதான். அவை ஒரு சமூகம் தனக்காகச் சேர்த்த நிதிகள். ஊர் அறக்கட்டளை எல்லாத் தெருவிலும் வாங்கி எல்லாத் தெருவுக்கும் கொடுக்க வேண்டியது. மாதம் ஐம்பது ரூபாய் தரும் வீட்டுக்காரர் உங்கள் கணக்கைக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி உங்களுக்குத் தேவை.

நாலாம் ஆண்டில் வரும் சிக்கல்

ஊர் அறக்கட்டளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் கல்வி உதவித்தொகை. முதல் ஆண்டு உற்சாகத்தில் நர்சிங், இன்ஜினியரிங் என்று நாலாண்டுப் படிப்பில் சேரும் பத்துப் பேருக்குத் தலைக்கு 15,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். செலவு 1,50,000. அடுத்த ஆண்டு புதிதாகப் பத்துப் பேர். பழைய பத்துப் பேரை விடவும் முடியாது. நாலாம் ஆண்டில் நாற்பது பேர், 6,00,000 ரூபாய். மேலே போட்ட கணக்கில் செலவழிக்க இருந்ததே 6,12,000. ஆஸ்பத்திரிக்கும் இல்லை, வெள்ளத்துக்கும் இல்லை. வேறு வழியில்லாமல் மூன்றாம் ஆண்டுப் பெண்ணிடம் "இந்த வருஷம் முடியாது" என்று சொல்வார்கள். முதல் ஆண்டே கிடைக்காமல் போயிருந்தால் அவள் வேறு கல்லூரியையோ வேறு படிப்பையோ பார்த்திருப்பாள். பாதியில் நிறுத்தினால் அவளுக்குப் பட்டமும் இல்லை, போன இரண்டு வருஷமும் இல்லை. ஒரு ஊர் அறக்கட்டளை செய்யக்கூடிய ஆகப் பெரிய தீங்கு இது என்று நினைக்கிறேன்.

ஆகவே கணக்கைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். படிப்புக்கு ஆண்டுக்கு 2,40,000 ஒதுக்க முடியும் என்றால், எந்த நேரத்திலும் 16 பேரைத் தாங்கலாம். நாலாண்டுப் படிப்பானால் ஆண்டுக்கு நாலு புதியவர். பத்துப் பேரின் கண்ணெதிரே நாலு பேரை மட்டும் தேர்ந்தெடுப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த நாலு பேரிடம், தேறிக்கொண்டிருக்கும்வரை கடைசி செமஸ்டர்வரை கட்டுவோம் என்று முதல் நாளே எழுதிக்கொடுக்க முடியும். பணத்தை நேரே கல்லூரிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கணக்கில் அது செலவாக ஏற்கப்படாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

மீதியை நான் இப்படிப் பிரிப்பேன். தேடிப்போய்க் கண்ட வீடுகளுக்கு 1,92,000. மனுவோடு வரும் அவசரங்களுக்கு 1,20,000. தேடும் வேலைக்கும் கணக்குக்கும் ஆடிட்டருக்கும் 60,000. தேடுவதற்குத் தனியாகப் பணமா என்று அறங்காவலர்கள் முகம் சுளிப்பார்கள். பெட்ரோலுக்கும் போனுக்கும் காசில்லாமல் யாரும் சூளைக்குப் போய்ப் பார்த்துவர மாட்டார்கள்.

அரசு கொடுப்பதை முதலில் வாங்கிக் கொடுங்கள்

தமிழ்நாட்டில் ஊர் அறக்கட்டளை நடத்துபவர் மற்ற பல மாநிலத்தாரைவிட ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர். அரசுத் திட்டங்கள் பல இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவமும் இன்ஜினியரிங்கும் சேருபவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் பெரிய ஆபரேஷன்கள் அடங்கும். இந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும் என்பதால் மே மாதம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு ஏற்கெனவே கட்டும் கட்டணத்தை உங்கள் பணத்தில் கட்டினால் ஊர்ப்பணம் வீண். அதைவிட வருத்தம், திட்டம் இருந்தும் காகிதம் இல்லாததால் விட்டுப்போகிறவர்கள். கவுன்சலிங் நெருங்கும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. பார்வையில் நிற்கிறது, தாசில்தார் லாகினில் நிற்கிறது என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையும் குடும்பங்களை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் பெயர்த் திருத்தம் ஆகியவற்றைத் தெரிந்துகொண்ட ஒரு இளைஞரை மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செலவிலேயே அதிகப் பலன் தருவது இதுவாகத்தான் இருக்கும்.

திட்டம் எட்டாத இடத்தில் உங்கள் பணம் நிற்க வேண்டும். டயாலிசிஸை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டிலும் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் வாரம் மூன்று நாள் என்றால் வருஷத்துக்கு 156 பயணம். போய்வர ஆட்டோ, பஸ், கூட வருபவரின் சாப்பாடு எல்லாம் சேர்த்து 200 ரூபாய் என்று வைத்தாலும் 31,200. கூட வருபவர் இழக்கும் கூலி தனி. நோயாளி மூன்றாவது தடவையைத் தவறவிட ஆரம்பிப்பது இந்தச் செலவால்தான். ஆபரேஷனுக்கு ஒரு லட்சம் கொடுத்தோம் என்று சொல்வதில் இருக்கும் பெருமை பஸ் காசு கொடுத்தோம் என்பதில் இருக்காது. ஆனால் பஸ் காசு இல்லாமல் அந்த இலவச சிகிச்சைக்கு அர்த்தமே இல்லை.

யார் உட்கார்ந்து முடிவு செய்வது

தேர்வுக் குழுவில் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். அறங்காவலர் மூவர், வெளியாட்கள் நால்வர். அந்த நால்வரில் காலனியிலிருந்து ஒருவரும், மகளிர் குழுவிலிருந்து ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயருக்கு உட்காரவைக்காமல், அவர்கள் பேசி முடித்தபிறகே தலைவர் பேசட்டும்.

மனுக்களைப் படிக்கும் முன் பெயரையும் தெருவையும் மறைத்து எண் போடுங்கள். நம் ஊர்களில் தெருப்பெயரே சாதியைச் சொல்லிவிடும். தந்தை பெயரும் சொல்லும். "எண் 14, தாய் மட்டும், இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் டூ 471" என்று படிக்கும்போது குழு தேவையைப் பற்றிப் பேசும். பெயரோடு படித்தால் "அவர் நம்ம ஆளாச்சே", "அவங்க வீட்டில நிலம் இருக்கே" என்று பேச்சு வேறு பக்கம் போகும். சின்ன ஊரில் விவரத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பார்கள். சில சமயம் கண்டுபிடிப்பார்கள்தான். இருந்தாலும் முதல் மதிப்பெண்ணைக் காகிதத்தில் போட்டுவிட்டபிறகு அதை மாற்ற ஆளுக்குக் கூச்சம் வரும்.

அறங்காவலருக்கும் அவர் சொந்தக்காரருக்கும் பலன் போனால் வரிவிலக்கே பறிபோகலாம். ஆகவே உறவுக்காரர் மனு வந்தால் அந்த அறங்காவலர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், போனார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வேண்டும்.

திருவிழாக் கமிட்டியும் கும்பாபிஷேகக் கமிட்டியும் வரும்போது மறுப்பது சங்கடம். வரிச்சலுகை ரசீது தரும் அறக்கட்டளை தன் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயக் காரியத்துக்குச் செலவிடக் கூடாது என்பது சட்டம். அதைச் சொல்லி மரியாதையாகக் கைகூப்புங்கள். மற்ற மறுப்புகளையும் வாய்மொழியாக இழுத்தடிக்காமல் பதினைந்து நாளுக்குள் கடிதமாகக் கொடுங்கள். வருமா, வராதா என்று தெரியாமல் காத்திருப்பவர் வேறு இடத்திலும் கடன் கேட்க மாட்டார்.

மேடை போட்டு, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து முகநூலில் போடும் வழக்கத்தை நான் முழுக்க எதிர்க்கிறேன். கூட்டத்தின் முன் ஏழையாக நிற்கச் சம்மதிப்பவருக்கு மட்டுமே கொடுப்போம் என்று அறிவிப்பதற்குச் சமம் அது. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்தப் படம் வகுப்பில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். நன்கொடையாளர் கேட்டால் மொத்தக் கணக்கைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள்.

மழைக்காலத்துக்கு ஒதுக்கி வைப்பது

ஆண்டுத் திட்டம் ஊரின் மாதங்களை ஒட்டி நடக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை படிப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அவசரத்துக்கு ஒதுக்கிய 1,20,000-இல் பாதியை மழைக்கென்று வைத்து, டிசம்பர் முடியும்வரை வேறெதற்கும் தொடாதீர்கள்.

வெள்ளமோ புயலோ வந்தால் முதல் வாரம் ஓடி ஓடிச் சாப்பாடு கொடுக்கத் தோன்றும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டித் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது, மாநிலத்தின் நாலா பக்கமிருந்தும் லாரிகள் போயின. முதல் வாரத்துக்கு உதவி வெளியிலிருந்து வரும். மூன்றாவது வாரத்தில் லாரிகள் நின்றுவிடும். நனைந்துபோன பள்ளிச் சான்றிதழுக்கு நகல் வாங்குவதும், தையல் மெஷின் மோட்டாரைச் சரிசெய்வதும், பெட்டிக்கடைக்குத் திரும்பச் சரக்குப் போடுவதும் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஊர்க்காரரின் பணம் அந்த மூன்றாவது வாரத்துக்கு உரியது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது இழப்பு ஒரு பருவத்தோடு முடியவில்லை. புதுக்கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட ஊரில் படிப்பு ஒதுக்கீட்டையே அடுத்த சில ஆண்டுக்குக் கூட்ட வேண்டியிருக்கும்.

மழை இல்லாமல் அந்தத் தொகை மிஞ்சினால் ஜனவரியில் தேடல் நோட்டை எடுத்து, விட்டுப்போன வீடுகளைப் பாருங்கள். மார்ச் கடைசியில் 85 சதவீதத்தை எட்ட வேண்டுமே என்று கிடைத்த இடத்தில் கொட்டாதீர்கள். குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுவரை சேர்த்துவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கான படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் டிசம்பரிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னோர் அறக்கட்டளைக்குக் கைமாற்றிக் கணக்கை முடிக்கலாம் என்றால், அப்படிக் கொடுத்ததில் 85 சதவீதம் மட்டுமே உங்கள் செலவாக ஏற்கப்படும்.

அறக்கட்டளைப் பத்திரத்தில் நோக்கத்தை அகலமாக எழுதிவைப்பதன் பயன், காலம் மாறும்போது தெரியும். ராமேசுவரத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்களுக்காக 1802இல் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். ரயில் வந்தபின் நடந்து போகிறவர்கள் குறைந்தார்கள். சத்திரம் பின்னாளில் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. உங்கள் திட்டத்திலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தலைப்பையும் எடுத்து, இதை இன்று புதிதாகத் தொடங்குவோமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு முடியும்வரை கொடுத்துவிட்டு, புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்துங்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் கணக்கோடு ஒரு பக்கத் தாளையும் வையுங்கள். இந்த ஆண்டு உதவி பெற்ற வீடுகளில் மனுவோடு வந்தவை எத்தனை, நாம் தேடிப்போய்க் கண்டவை எத்தனை என்று இரண்டே எண். தேடிக் கண்டவை பாதிக்கும் கீழே இருந்தால், அடுத்த ஆண்டுத் தேடலுக்கு இரண்டு பேரைக் கூடுதலாகப் போட்டு, எந்தத் தெருவுக்கு இதுவரை யாருமே போகவில்லை என்பதை வரைபடத்தில் குறித்து, அந்தத் தெருவின் பெயரைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள்.